கடலோர மாடலுக்கு ஓப்பன் பவுண்டரி செட் பண்றது எப்படி: சென்னைக் கடலை வெச்சு

ரோம்ஸ் (கடலோட ஓட்டத்தைக் கம்ப்யூட்டர்ல கணக்குப் போடற ஒரு புரோகிராம்) மாதிரி ஒரு கடல் மாடலை முதல் தடவை கம்பைல் பண்ணி ஓட்டுறவங்களுக்கு இது கண்டிப்பா நடந்திருக்கும். மாடல் ரெண்டு நாள் நல்லா ஓடும், மூணாவது நாள் வெடிச்சு நின்னுடும், எங்க வெடிச்சுதுன்னு பாத்தா கிரிட்டோட, அதாவது கடலைச் சின்னச் சின்னக் கட்டமா பிரிச்ச வலையோட, ஓரத்துல ஏதோ ஒரு கட்டத்துல இருக்கும். உடனே டைம் ஸ்டெப்பைக் குறைப்பாங்க, விஸ்காசிட்டியை (தண்ணியோட பாகுத்தன்மையை) ஏத்துவாங்க, திரும்ப ஓடும், அப்பாடான்னு விட்டுடுவாங்க. அங்கதான் எனக்குப் பயம். நம்ம மாடல் முடிஞ்சு வெளிக்கடல் தொடர்ற ஓரம்தான் ஓப்பன் பவுண்டரி, அங்க என்ன மதிப்பு போடறதுங்கற விதிதான் பவுண்டரி கண்டிஷன். வெடிக்கிற பவுண்டரியாவது தப்புன்னு சொல்லிடுது, வெடிக்காத தப்பான பவுண்டரி ஒண்ணுமே சொல்லாது. படம் அழகா வரும், நீரோட்டம் இருக்கும், சுழல் இருக்கும், அதுல பாதி நாமளே ஓரத்துல கட்டின சுவர்ல மோதித் திரும்பி வந்த அலையா இருக்கும்.

2017 ஜனவரி 28 அன்னிக்கு எண்ணூர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினது ஞாபகம் இருக்கும், அது தெற்க மெரினாவையும் தாண்டி வந்துச்சு, ஜனங்க கையில வாளி வெச்சு அள்ளினாங்க. அந்த மாதிரி ஒரு நாள்ல எண்ணெய் எந்தப் பக்கம் போகும்னு நம்ம மாடலைக் கேட்டா அது சொல்ற பதில் ஓரத்துல நாம என்ன குடுத்தோம்ங்கறதைப் பொறுத்துத்தான் இருக்கும். அதனால இதை நிதானமா பண்ணுங்க.

முதல்ல கோடு எங்க போடறதுன்னு முடிவு பண்ணுங்க

எந்த கண்டிஷன் நல்லதுன்னு தேடறதுக்கு முன்னாடி கோட்டைப் பாருங்க. மோசமான இடத்துல போட்ட கோட்டை எந்த ஃபார்முலாவும் காப்பாத்தாது.

உதாரணத்துக்கு சென்னைக் கடல். தெற்க 11 டிகிரி, தரங்கம்பாடி பக்கம். வடக்க 15 டிகிரி, ஆந்திராவுல காவலி பக்கம். கிழக்க 83 டிகிரி தீர்க்கரேகை. மேற்க கரை, அது மூடின பவுண்டரி, அதுல சிக்கல் இல்ல. கட்டம் 2 கி.மீ. கிழக்கு ஓரத்துல ஆழம் 3,000 மீட்டரைத் தாண்டும், கரைப்பக்கம் 10 மீட்டர்ல ஆரம்பிக்கும்.

தெற்க இன்னும் கொஞ்சம் இறக்கி கோடியக்கரை வரைக்கும் போலாமேன்னு தோணும். நானும் முதல்ல 10.4-லதான் கோடு போட்டேன். அதுக்குக் கொஞ்சம் கீழயே கரை மேற்கால மடங்கிடுது, பாக் ஜலசந்தி திறக்குது, அங்க ஆழம் பத்து மீட்டர் சொச்சம்தான், நமக்கு ஓரத் தகவல் குடுக்கிற பெரிய உலக மாடலுக்கு ஒரு கட்டம் 9 கி.மீ., அது ஜலசந்தியைத் தோராயமாத்தான் பாக்கும், ராமர் பாலத்துல மணல் திட்டுக்கு நடுவுல இருக்கிற சின்ன வழியெல்லாம் அதுக்குத் தெரியவே தெரியாது. விளைவு, தென்மேற்கு மூலையில ஒரு சுழல் வந்து உக்காந்துடுச்சு, நகரவே இல்ல, நான் அதை நிஜமான சுழல்னு நம்பி ஒரு மாசம் அதுக்குக் காரணம் தேடிட்டிருந்தேன். கோட்டை 11-க்கு ஏத்தினதும் அது காணாம போச்சு.

அதனால கோடு போடறப்ப நான் பாக்கிறது இதுதான்: ஆழக்கோடுகளை (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கிற கோடுகளை) எல்லை கிட்டத்தட்ட செங்குத்தா வெட்டணும், கடல்மேடையோட (கரையை ஒட்டின ஆழம் கம்மியான பகுதியோட) விளிம்பை ஒட்டியே கூட ஓடக்கூடாது. முனை, ஜலசந்தி, பாதி வெட்டின தீவு எதுவும் கோட்டுல வரக்கூடாது. பெரிய ஆத்து முகத்துவாரம் கோட்டுக்குப் பக்கத்துல இருக்கக்கூடாது, அதான் வடக்க கிருஷ்ணா டெல்டா வர்றதுக்கு முன்னாடியே 15-ல நிறுத்திட்டேன். பெண்ணாறு உள்ள வருது, அது எல்லையை விட்டுத் தள்ளி இருக்கறதால பரவால்ல, உள்ள ஒரு ஆறா சேத்துக்கலாம்.

இன்னொண்ணு, நிறைய பேர் விட்டுடறது, ஓரத்துல ஆழம். நம்ம ஆழம் ஜெப்கோங்கற உலகக் கடல் ஆழ வரைபடத்தோட 15 விநாடி (கோண அளவு, நேரம் இல்ல) டேட்டாவுல இருந்து வரும், பெரிய மாடலோட ஆழம் வேற. ஒரே இடத்துல அவங்களுக்கு 400 மீட்டர், நமக்கு 250 மீட்டர்னு இருந்தா அவங்க வேகத்தை அப்படியே உள்ள விட்டா தண்ணியோட அளவே மாறிடும். கடைசி பத்து கட்டத்துல நம்ம ஆழத்தை மெதுவா அவங்க ஆழத்தோட கலந்துடுங்க. இது ஒரு மணி நேர வேலை, மிச்சமாகுற தலைவலி நிறைய.

ஒவ்வொரு கதவுலயும் யார் வர்றாங்க, யார் போறாங்க

எல்லா பக்கமும் ஒரே கண்டிஷன், எல்லா மாறிக்கும் ஒரே கண்டிஷன்னு போடற பழக்கம்தான் பெரிய தப்பு. மூணு திறந்த பக்கமும் மூணு வேற வேற கதவு.

வடக்குக் கதவை முதல்ல பாருங்க, சென்னைக்கு அதுதான் முக்கியம். பூமத்திய ரேகையில ஏப்ரல், மே மாசத்துலயும் அக்டோபர், நவம்பர்லயும் மேற்குக் காத்து வலுக்கிறப்ப கிளம்புற கெல்வின் அலை (பூமத்திய ரேகையையோ கரையையோ பிடிச்சுக்கிட்டே போற நீண்ட அலை) கிழக்கால போய் சுமத்ராவுல மோதி, அங்கேருந்து கரையைப் பிடிச்சுக்கிட்டு மியான்மர், வங்கதேசம், ஒடிசா, ஆந்திரான்னு வங்காள விரிகுடாவோட விளிம்பை முழுசா சுத்தி நம்ம கரைக்கு வந்து அப்புறம் இலங்கையைச் சுத்தி அரபிக்கடல் பக்கம் போயிடும். வட அரைக்கோளத்துல கடலோர கெல்வின் அலை கரையை வலது கைப்பக்கம் வெச்சுக்கிட்டுத்தான் போகும், அதனால நம்ம கிழக்குக் கரையில அது எப்பவும் வடக்கேருந்து தெற்க.

இப்ப பாருங்க. பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் கிழக்குக் கடலோர நீரோட்டம் தெற்கேருந்து வடக்க ஓடுது. தண்ணி தெற்குக் கதவு வழியா வருது. ஆனா கடல் மட்டத்தையும் நீரோட்டத்தையும் மாத்துற அலை அப்பவும் வடக்குக் கதவு வழியாத்தான் வருது. தண்ணி வர்ற கதவும் சேதி வர்ற கதவும் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இது புரிஞ்சா பவுண்டரி கண்டிஷன்ல பாதி புரிஞ்ச மாதிரி. "தண்ணி வெளிய போற பக்கம்தானே, சும்மா கிரேடியண்ட் (உள்ள இருக்கிற மதிப்பையே ஓரத்துக்கும் காப்பி பண்றது) போட்டு விட்டுடலாம்"னு வடக்கை விட்டுட்டீங்கன்னா சுமத்ராவுல இருந்து வர்ற சேதி பூரா வெளியவே நின்னுடும், மாடல் உள்ளூர் காத்தை மட்டும் நம்பி ஓடும்.

அதனால வடக்க மாச சராசரி கிளைமட்டாலஜி (பல வருஷத்துக்குச் சேத்து எடுத்த சராசரி) போடாதீங்க, அது பத்தாது. பூமத்திய ரேகையும் உள்ள இருக்கிற ஒரு உலக மாடலோட தினசரி டேட்டா வேணும். குளோரிஸ் 12 எடுத்துக்கலாம், பன்னெண்டுல ஒரு டிகிரி கட்டம், 50 ஆழ மட்டம், 1993-ல இருந்து இருக்கு. ஹைகாம்ங்கற இன்னொரு உலக மாடலும் கிட்டத்தட்ட அதே அளவு கட்டம்தான். 9 கி.மீ.ல இருந்து 2 கி.மீ.க்கு நேரா இறங்கலாம், அதுக்குக் கீழ 500 மீட்டர் வேணும்னா நடுவுல இன்னொரு கிரிட் வைங்க.

கிழக்குக் கதவு வழியா சுழல்களும் ராஸ்பி அலையும் (பூமி சுழல்றதால வர்ற, மெதுவா நகர்ற பெரிய அலை) மேற்க நோக்கி உள்ள வரும். அங்க சுழலோட அளவு பெருசு, 13 டிகிரியில முதல் பாரோகிளினிக் ராஸ்பி ஆரம் (சுழலோட அளவைத் தோராயமா சொல்ற நீளம்) எழுபத்தஞ்சு கி.மீ. பக்கம் வரும், அதனால கிழக்குக் கோட்டை கரையில இருந்து நூறு கி.மீ.ல போட்டா ஒரு சுழல்கூட உள்ள முழுசா நிக்காது, பாதி வெட்டுப்பட்டு நிக்கும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் நீரோட்டம் திரும்பிடும், அப்ப வடக்கேருந்து கங்கை, பிரம்மபுத்திராத் தண்ணி கலந்த உப்பு கம்மியான ஒரு மெல்லிய பட்டை கரையை ஒட்டியே இறங்கி வரும். இந்தப் பட்டை ரொம்பக் குறுகல். பெரிய மாடல்ல அது அகலமா கலங்கிப்போயிருக்க வாய்ப்பு நிறைய, அதனால வடக்கு எல்லையில உப்பு அளவை மட்டும் தனியா எடுத்து ஆர்கோ மிதவை (கடல்ல மிதந்து வெப்பம், உப்பை அளக்கிற தானியங்கிக் கருவி) டேட்டா கூட ஒப்பிட்டுப் பாத்துட்டு அப்புறம் உள்ள விடுங்க.

கடல் மட்டமும் முழு ஆழ சராசரி வேகமும்

இங்க என் பதில் நேரடி: மட்டத்துக்கு சாப்மன் கண்டிஷன், சராசரி வேகத்துக்கு ஃப்ளாதர் கண்டிஷன், மூணு பக்கமும். ஏன்னு சொல்றேன்.

3,000 மீட்டர் ஆழத்துல நீண்ட அலையோட வேகம் விநாடிக்கு 171 மீட்டர், மணிக்கு 620 கி.மீ. கிட்ட. 2004 டிசம்பர் 26 காலையில ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கம் நிலம் ஆடினது, ஒன்பது மணி வாக்குல நம்ம கரைக்குத் தண்ணி வந்துடுச்சு, அந்த வேகம் இந்த ஜாதிதான். 10 மீட்டர் ஆழத்துல அதே அலை விநாடிக்குப் பத்து மீட்டர்தான் போகும். மாடலுக்குள்ள காத்து மாறினாலோ, ஆரம்ப நிலை கொஞ்சம் ஒத்துப்போகாம இருந்தாலோ இந்த மாதிரி அலை கிளம்பிட்டே இருக்கும், அது ஓரத்துக்கு வந்தா வெளிய போகணும்.

கடல் மட்டத்தை ஓரத்துல இறுக்கிக் கட்டினா, அதாவது கிளாம்ப் பண்ணினா, அலை போக வழியில்ல. கரைக்கும் கிழக்கு ஓரத்துக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டே இருக்கும். 300 கி.மீ. அகலம், 3,000 மீட்டர் ஆழம்னு வெச்சுக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆட்டம் வரும், கரைப்பக்கம் ஆழம் குறைவா இருக்கறதால நிஜத்துல இன்னும் கொஞ்சம் நீளும். உங்க மாடலோட கடல் மட்ட வரைபடத்துல இப்படி ஒரு சின்ன நடுக்கம் அடங்காம ஓடிட்டே இருந்தா அது கடல் இல்ல, உங்க சுவர்.

ஃப்ளாதர் இதை 1976-ல வடமேற்கு ஐரோப்பாக் கடல்மேடைக்கு ஓத (நிலா, சூரியனால வர்ற கடல் ஏத்த இறக்க) மாடல் பண்றப்ப எழுதினார். விஷயம் சிம்பிள். வெளியேருந்து ஒரு மட்டம், ஒரு வேகம் குடுக்கிறோம். உள்ள மட்டம் அதைவிட ஏறியிருந்தா, புவியீர்ப்பு முடுக்கமான ஜி-யை ஆழத்தால வகுத்து, அதோட வர்க்கமூலத்தால ஏறின அளவைப் பெருக்கி அந்த வேகத்துல கூடுதல் தண்ணியை வெளிய தள்ளிடு, இறங்கியிருந்தா உள்ள இழு. 10 செ.மீ. வித்தியாசம் இருந்தா 3,000 மீட்டர் ஆழத்துல வேகம் விநாடிக்கு அரை செ.மீ. சொச்சம்தான் மாறும், அதே 10 செ.மீ. வித்தியாசம் 10 மீட்டர் ஆழத்துல விநாடிக்கு 10 செ.மீ. ஆயிடும். இதுலேருந்தே தெரியும், ஆழம் கம்மியான இடத்துல வெளி மட்டம் கொஞ்சம் தப்பா இருந்தாலும் பொய் நீரோட்டம் பாயும். பாக் விரிகுடாவுக்கு மாடல் பண்றவங்க இதை மனசுல வெச்சுக்கங்க.

இங்க ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். "நான் குடுத்த மட்டம் ஓரத்துல அப்படியே வரலையே"ம்பாங்க. வராது, அது அப்படித்தான் வேலை செய்யும். சாப்மன் கண்டிஷன் மட்டத்தை அலை வேகத்துல வெளிய அனுப்பிடும், நீங்க குடுத்த மட்டம் ஃப்ளாதர் வழியா வேகத்துலதான் புகுந்து வேலை பண்ணும். சில செ.மீ. வித்தியாசம் இருந்தா பயப்படாதீங்க.

இதுல கட்டாயம் கவனிக்க வேண்டியது, மட்டமும் வேகமும் ஒரே இடத்துலேருந்து வரணும். மட்டத்தை சேட்டிலைட்லேருந்தும் வேகத்தை மாடல்லேருந்தும் எடுத்து ஒட்டினா ரெண்டும் சண்டை போடும். எவ்வளவு சண்டைன்னு பாருங்க: வடக்கு ஓரத்துக்கும் தெற்கு ஓரத்துக்கும் மட்டத்தோட ஆதாரம் வெறும் 5 செ.மீ. மாறிப்போச்சுன்னா, 3,000 மீட்டர் ஆழத்துல, 13 டிகிரியில, புவிச்சுழற்சிச் சமநிலைக் கணக்குப்படி அது விநாடிக்கு நாலரைக் கோடி கன மீட்டர் தண்ணியை ஓட்டும். புளோரிடா ஜலசந்தி வழியா போற மொத்த ஓட்டத்தைவிட இது அதிகம். 5 செ.மீ. தப்புக்கு.

அதே மாதிரி வேகம். கிழக்குச் சுவர் பூராவும் விநாடிக்கு 0.1 மி.மீ. அதிகமா உள்ள வர்ற மாதிரி இன்டர்போலேஷன்ல (ஒரு கிரிட்டோட மதிப்பை இன்னொரு கிரிட்டுக்கு மாத்தற கணக்குல) ஒரு சின்னப் பிழை வந்துடுச்சுன்னு வைங்க, அது வெளிய போக வழியில்லேன்னா கடல் மட்டம் ஒரு நாளைக்கு எட்டரை செ.மீ. ஏறும். அதனால பெரிய மாடலோட வேகத்தை உங்க ஆழ மட்டத்துக்கு மாத்தின பிறகு, மாத்தின வேகத்துலேருந்தே சராசரி வேகத்தை மறுபடி கணக்குப் போடுங்க, அவங்க குடுத்த சராசரியை அப்படியே எடுக்காதீங்க. மூணு பக்கமும் கூட்டிப் பாத்து மிச்சத்தைச் சமமா பங்கிட்டுக் கழிச்சுடுங்க.

ஓதம்

சென்னையில பௌர்ணமி, அமாவாசை சமயத்துல கடல் ஏத்த இறக்கம் ஒரு மீட்டர் சுத்திதான், மேல சுந்தரவனம் பக்கம் மாதிரி பல மீட்டர் கிடையாது. அதனால ஓதத்தை விட்டுடலாம்னு சிலர் நினைப்பாங்க, எண்ணூர் கழிமுகம், கூவம் முகத்துவாரம்னு கரையோரமா பாக்கறவங்க விடக்கூடாது. டிபிஎக்ஸ்ஓ இல்லேன்னா ஃபெஸ்ங்கற உலக ஓத மாடல்ல இருந்து எம்2, எஸ்2, என்2, கே1, ஓ1ங்கற ஓதக் கூறுகளை (ஒவ்வொண்ணும் ஒரு தனிக் கால அளவுல ஆடுற பகுதி) எடுத்துக்கங்க, மட்டம், வேகம் ரெண்டும் எடுங்க, ஃப்ளாதருக்கு ரெண்டும் வேணும்.

முக்கியமா பாக்க வேண்டியது, பெரிய மாடல்ல ஏற்கெனவே ஓதம் இருக்கான்னு. குளோரிஸ்ல இல்ல, அதனால மேல சேத்துக்கலாம். ஓதம் உள்ள இருக்கிற மாடல்லேருந்து எடுத்துட்டு மறுபடி சேத்தீங்கன்னா ரெண்டு மடங்கு ஓதம் ஓடும். அந்த மாதிரி மாடலோட 24 மணி நேர சராசரி எடுத்தா ஓதம் போயிடும்னும் நம்பாதீங்க, எம்2-வோட காலம் 12.42 மணி நேரம், அது 24-க்குள்ள முழுசா அடங்காது, மிச்சம் பதினஞ்சு நாள் ஆட்டமா உருமாறி நிக்கும். முதல் ரெண்டு நாள் ஓதத்தை ஒரேயடியா திறக்காம கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

புயலை ஓட்டப்போறீங்கன்னா இன்னொண்ணு. காத்தழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் இறங்கினா கடல் மட்டம் 1 செ.மீ. ஏறும். உங்க மாடல்ல காத்தழுத்தம் இருந்து, பெரிய மாடல்ல இல்லேன்னா, ஓரத்து மட்டத்துல அந்த ஏத்தத்தை நீங்கதான் சேக்கணும். புயல் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ள வர்ற நேரம் அழுத்தம் 40 குறைஞ்சிருந்தா 40 செ.மீ. பள்ளம் வரும், ஃப்ளாதர் அதை நிரப்பறேன்னு தப்பான பக்கம் தண்ணியைத் தள்ளும்.

வெப்பம், உப்பு, ஆழத்துக்கு ஆழம் மாறுற வேகம்

இதுக்கு கச்சிதமான விடை கிடையாது. இந்த சமன்பாடுகளுக்கு எல்லைப் புள்ளியில மட்டும் போடற எந்த கண்டிஷனும் முழுசா சரியா வராதுன்னு ஆலிகரும் சண்ட்ஸ்ட்ரமும் 1978-லயே காட்டிட்டாங்க. ஏன்னா மேல் மட்டத்துல ஒரு அலை உள்ள வரும், அதே இடத்துல ஆழத்துல வேற வேகத்துல இன்னொண்ணு வெளிய போகும். அதனால குறைஞ்ச சேதத்தோட வேலை செய்யறதைத்தான் எடுக்கணும்.

நான் போடறது ரேடியேஷன் கூட நட்ஜிங் சேந்தது. 2001-ல மார்ச்சசியெல்லோ, மெக்வில்லியம்ஸ், ஷெப்பெட்கின் மூணு பேரும் குடுத்த முறை. ஒவ்வொரு கட்டத்துலயும் அலை வெளிய போகுதா உள்ள வருதான்னு மாடலே பாத்துக்கும், வெளிய போனா அவிழ்த்து விடும், உள்ள வந்தா வெளி டேட்டா பக்கம் இழுக்கும். இழுக்கறதுக்கு அவங்க போட்ட காலம் உள்ள வர்றதுக்கு ஒரு நாள், வெளிய போறதுக்கு ஒரு வருஷம். நீரோட்டமே வருஷத்துக்கு ரெண்டு தடவை திசை மாறுற நம்ம கரைக்கு இது ரொம்பப் பொருத்தம், பிப்ரவரியில ஒரு செட்டிங், நவம்பர்ல ஒரு செட்டிங்னு கையால மாத்த வேண்டியதில்ல.

ஆனா ஓதம் ஓடுற மாடல்ல எல்லையை ஒட்டின கட்டங்கள்ல வேகத்தை தினசரி டேட்டா பக்கம் ஒரு நாள் காலத்துல இறுக்கி இழுத்தீங்கன்னா ஓத நீரோட்டமும் சேந்து அடங்கும், ஏன்னா தினசரி டேட்டாவுக்கு ஓதம்னா என்னன்னே தெரியாது. அங்க வெப்பத்தையும் உப்பையும் இழுங்க, வேகத்தை லேசா விடுங்க.

ஸ்பாஞ்ச், அதாவது ஓரத்துல விஸ்காசிட்டியை ஏத்தி அலையை உறிஞ்சுற பட்டை, ஆறுல இருந்து பத்து கட்டம் போதும், உள்ள இருக்கிற மதிப்பைப் போல சில மடங்கு வரைக்கும் மெதுவா ஏறட்டும். பட்டை ஆரம்பிக்கிற இடத்துல திடீர்னு ஏத்தினா அதுவே ஒரு சுவராகி அலையைத் திருப்பும். வடக்கு ஓரத்துல கடல்மேடை மேல மட்டும் ஸ்பாஞ்சை ரொம்பக் குறைச்சுடுங்க, சுமத்ராவுல இருந்து அவ்வளவு தூரம் வந்த கெல்வின் அலையை வாசல்லயே பிடிச்சு நிறுத்திடக்கூடாது.

டெஸ்ட் பண்ணாம நம்பாதீங்க

முழு மாடலை ஓட்டறதுக்கு முன்னாடி காத்து, ஓதம், வெப்பம் எல்லாத்தையும் அணைச்சுடுங்க. அமைதியா இருக்கிற கடல் நடுவுல 10 செ.மீ. உயரத்துல ஒரு மேடு வெச்சு விடுங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை அவுட்புட் எடுங்க. ஆழமான பக்கம் கால் மணி நேரத்துல அலை ஓரத்தைத் தொட்டுடும். தொட்டுட்டு வெளிய போகணும், வளையம் திரும்பி உள்ள வந்தா எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாத்து அந்தப் பக்கத்தைச் சரி பண்ணுங்க. மூலையில கொஞ்சம் திரும்பறது சகஜம்.

அடுத்து ஓதம் மட்டும், 30 நாள். பதினஞ்சு நாளுக்குக் கம்மியா ஓட்டினா எம்2-வையும் எஸ்2-வையும் பிரிக்கவே முடியாது. சென்னைத் துறைமுக ஓத அளவி டேட்டா கூட ஒப்பிடுங்க.

அப்புறம் எல்லாத்தையும் சேத்து ஒரு வருஷம். இதுல நான் கடைசியா பண்ற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர் நேரம் ரெண்டு மடங்கு ஆகும், ஆனாலும் பண்ணுங்க: தெற்குக் கோட்டை 11-லேருந்து 11.3-க்கு நகத்தி அதே வருஷத்தை மறுபடி ஓட்டுங்க. கோட்டுக்குப் பக்கத்துல வித்தியாசம் வரும், வரட்டும். சென்னைக்கு முன்னாடி கடல்மேடையில நீரோட்டம் மாறிடுச்சுன்னா அந்த நீரோட்டம் உங்க கோட்டோடது. கல்பாக்கத்துலயும் கடலூர்லயும் கரையில எச்எஃப் ரேடார் இருக்கு, மேல்மட்ட நீரோட்டத்தை அளக்குது, ரெண்டு ரன்ல எது அந்த ரேடாருக்குக் கிட்ட வருதுன்னு பிப்ரவரிக்குத் தனியா, நவம்பருக்குத் தனியா பாருங்க. பிப்ரவரியில ஒத்துப்போய் நவம்பர்ல விலகினா முதல்ல தேட வேண்டிய இடம் வடக்குக் கதவு.